பஸ் நின்ற இடம்

ஒரு ஆள் பிறக்கவே இல்லை என்று முத்திரை குத்தி எழுதிக் கொடுத்தால் அந்த ஆள் என்ன செய்யும்? அழும், இல்லையென்றால் சண்டைக்குப் போகும். பஸ் அக்கா சிரித்தாள். டவுன் பிறப்புப் பதிவு ஆபீஸில் கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"என்னம்மா, இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். நான் பொறக்கவே இல்லைன்னா இவ்வளவு நாளா சாப்பிட்டதெல்லாம் யாரு வயித்துக்குப் போச்சுன்னு யோசிச்சேன்."

"பொறக்கலைன்னு நாங்க சொல்லலியே. எங்க புத்தகத்துல இல்லைன்னு சொல்றோம். ரெண்டும் வேற."

அதுவும் சரிதான். ஆனால் பாஸ்போர்ட் ஆபீஸில் இருக்கிறவர்களுக்கு ரெண்டும் ஒன்றுதான். பிறப்புச் சான்றிதழ் கொண்டு வா, பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழை நீட்டினால் ஓரமாகத் தள்ளி வைத்தார்கள்.

அவசரம் என்னவென்றால், மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். தலைச்சன். அவள் கட்டிக்கொண்டு போனது கடல் தாண்டி. மருமகனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி தண்ணீரிலேயே கழியும். இந்தச் சமயம் பார்த்து அவன் நடுக்கடலில் இருக்கிறான். மகள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி கதவடியில் ரொட்டியும் பாலும் வைத்துவிட்டுப் போகிறாளாம். மகள் தினமும் போனில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "அம்மா, வந்துருவல்ல?" இவளும் "வராம எங்கடி போகப் போறேன்?" என்று அதட்டிவிட்டுப் போனை வைப்பாள். வைத்த பிறகு காலண்டரில் நாளை எண்ணுவாள்.

குமாஸ்தாவுக்கு என்ன தோன்றியதோ, அடுத்த ஆளைக் கூப்பிடாமல் கேட்டார். "எந்த ஆஸ்பத்திரியில பொறந்தீங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, சார். பஸ்ல."

"நின்ன பஸ்லயா, ஓடுற பஸ்லயா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "ஓடுற பஸ்லதான்னு எங்கண்ணன் சொல்லுவாரு."

"அப்ப இங்க வந்து தேடினா எப்படிக் கிடைக்கும்? ஓடுற வண்டியில குழந்தை பொறந்தா, அதுக்கப்புறம் வண்டி முதல்ல எங்க நிக்குதோ அந்த இடத்து ஆபீஸ்ல பதியணும். பதிய வேண்டியது வண்டிக்குப் பொறுப்பா இருக்கிறவங்க. சட்டம் அப்படி. உங்க பஸ் எங்க நின்னுச்சுன்னு கண்டுபிடிங்க."

"எங்கயும் நிக்கலியாம் சார். நேரா ஆஸ்பத்திரி வாசல்லதான் நின்னுச்சாம்."

"நிக்காத பஸ்ஸை நான் பாத்ததில்லம்மா," என்றார் குமாஸ்தா. "கண்டுபிடிக்க முடியலைன்னா கோர்ட் மூலமாப் புதுசாப் பதியலாம். அதுக்கு மாசக்கணக்காகும்."

அவளை எல்லோரும் பஸ் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததே அந்தப் பிறப்பை வைத்துத்தான். சின்ன வயதில் வெறும் 'பஸ்'. அண்ணனும் தங்கையுமாகப் பஞ்சர் கடை போட்ட பிறகு வாடிக்கைக்காரர்கள் கூடவே ஒரு 'அக்கா'வையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்பா அம்மா போய், புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு அண்ணன்தான் எல்லாம். லாரி டயர் அண்ணனுக்கு, சைக்கிளும் ஸ்கூட்டரும் அவளுக்கு என்றுதான் பேச்சு. ஆனால் அக்கா கை வைத்தால் மறுபடி காற்று இறங்காது என்று லாரிக்காரர்களும் அவளிடமே வந்து நிற்பார்கள். கடை வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. காற்றடித்த டியூபை அதில் முக்கிப் பிடித்துச் சுற்றிக்கொண்டே வருவாள். ஊசிமுனை ஓட்டையாக இருந்தாலும் குமிழி காட்டிக் கொடுத்துவிடும்.

அன்றைக்கு அவள் ஆபீஸிலிருந்து கடைக்குத் திரும்பியபோது சரியான புழுக்கம். மழை வருவேனா மாட்டேனா என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் பனியனோடு லாரிச் சக்கரத்தின் மேல் ஏறி நின்று கடப்பாரையால் டயரை நெம்பிக்கொண்டிருந்தார். லாரி டிரைவர் நிழலில் உட்கார்ந்து பன்னை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார்.

"என்னடா ஆச்சு? குடுத்தானா?" என்றார் அண்ணன். தங்கையை அவர் எப்போதும் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார்.

"இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அண்ணா, நான் பொறந்த கதையை இன்னொரு தடவை சொல்லு."

"உனக்குத் தெரியாததா?"

"தெரியும். சொல்லு."

அண்ணனுக்கு இந்தக் கதை என்றால் கொள்ளை ஆசை. கடப்பாரையைக் கீழே வைத்தார். "நல்ல மழைக்காலம்டா. எனக்கு ஆறு வயசு. அப்பா வேலைக்குப் போயிட்டாரு. அம்மாவுக்கு வலி எடுத்துருச்சு. நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி பஸ்ல ஏத்தினேன். பாதி வழியில அம்மா கத்த ஆரம்பிச்சுட்டாங்க. பின்னாடி சீட்டுல படுக்க வெச்சு, பொம்பளைங்க நாலு பேரு போர்வையைப் பிடிச்சு மறைச்சுக்கிட்டாங்க. டிரைவர் மிதிச்சான் பாரு ஒரு மிதி! எவன் கைகாட்டியும் நிறுத்தல. மழையில குளம் மாதிரி தண்ணி. தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போச்சு பஸ்ஸு. நீ பொறந்த. பச்சைத் துணியில சுத்தினாங்க. ஆஸ்பத்திரி வாசல்லதான் வண்டி நின்னுச்சு."

"நடுவுல எங்கயும் நிக்கல?"

"எங்கயும் நிக்கல."

"தொப்புள் கொடியை எதை வெச்சு அறுத்தாங்க?"

"யாரோ பிளேடு குடுத்தான்."

"சுடுதண்ணி?"

"அது... யாரோ கொண்டாந்தாங்க."

"ஓடுற பஸ்ல சுடுதண்ணியா?"

அண்ணன் கடப்பாரையைக் கையில் எடுத்துக்கொண்டார். "பொறந்து வளந்து பாட்டியாகப் போற, இப்ப வந்து சுடுதண்ணிக்குக் கணக்குக் கேக்குற. போய் அந்த ஸ்கூட்டரைப் பாருடா, அந்தத் தம்பி எவ்வளவு நேரமா நிக்கறாரு."

பஸ் அக்கா டியூபைத் தொட்டியில் முக்கினாள். குமிழி வந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டாள். அண்ணன் கதையிலும் இப்போது ஒரு குமிழி வந்திருக்கிறது. அதை விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அந்தப் பச்சைத் துணி அடியில் இருந்தது. அம்மா பத்திரமாக வைத்திருந்தது. இவள் மகளையும் முதலில் இதில்தான் சுற்றினார்கள். பேரக் குழந்தைக்கும் கொண்டுபோக வேண்டும் என்று எடுத்து வைக்கப் போனவள், விளக்கடியில் விரித்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் துவைத்து மடித்த துணிதான். ஆனால் அது என்ன துணி என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை. பெரிய துணி, சதுரம். மூன்று ஓரம் சாதாரண மடிப்புத் தையல். நாலாவது ஓரத்தில் மட்டும் அகலமாக மடித்து, உள்ளே குழாய் மாதிரி இடம் விட்டுத் தைத்திருந்தது. அந்த இடத்தில் விரலை விட்டாள். விரல் போய்க்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் கடைக்கு வந்ததும் வராததுமாக ஒட்டடைக் குச்சியை எடுத்து, அந்த ஓரத்தில் செருகினாள். அளவெடுத்தது போல உள்ளே போனது. நேராக அண்ணன் முன்னால் போய் நின்று, தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.

"இது என்னண்ணா?"

அண்ணன் பதில் சொல்வதற்குள், டயர் மாட்டி முடித்து உட்கார்ந்திருந்த வேறொரு லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, கிளம்பலாமா?" என்றார்.

"பாத்தியா? அவருக்குத் தெரியுது. பச்சைக் கொடி! ஓடுற பஸ்ல பச்சைக் கொடி யாரு வெச்சிருப்பாங்க? ரயில்வே கேட்டு. கேட்டு மூடியிருந்திருக்கு, பஸ் நின்னிருக்கு. கேட்காரர்தான் கொடியும் குடுத்திருக்காரு, சுடுதண்ணியும் குடுத்திருக்காரு. ஆஸ்பத்திரி ரோட்டுல ஒரே ஒரு கேட்டுதானே இருக்கு?"

அண்ணன் திருதிருவென்று முழித்தார். கழுத்தில் கிடந்த துண்டால் துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தார். "எனக்கு ஞாபகம் இல்லடா. சின்னப் பையன்."

"நேத்து வரைக்கும் டிரைவர் மிதிச்ச மிதி ஞாபகம் இருந்துச்சு."

"கடையில ஆள் வேணும். நீ வேணா போயிட்டு வா."

"கூட வா. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு."

அவளுக்குப் பயமாவது, மண்ணாங்கட்டியாவது! ஆனாலும் அப்படிச் சொன்னால் அண்ணன் எழுந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். எழுந்துவிட்டார்.

ஸ்கூட்டரை இவள் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ரயில்வே கேட் மூடியிருந்தது. இந்தப் பக்கம் வண்டிகள், அந்தப் பக்கம் வண்டிகள், நடுவில் காலியாகக் கிடக்கிற தண்டவாளம். கேட்டுக்கு எதிரிலேயே தகரக் கூரை போட்ட ரெண்டு அறைக் கட்டடம், மேலே பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் என்று பலகை. பஸ் அக்கா அதைப் பார்த்ததும் ஸ்கூட்டரில் இருந்தபடியே கையைத் தட்டினாள். பின்னால் அண்ணன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்.

பதிவாளர் ஒரு நடுவயது அம்மா. டிபன் காரியரைத் திறந்து முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டதும் முட்டையை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

"பஸ்லயா? கொடியிலயா? கொடியைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

கொடியை வாங்கி விரித்துப் பார்த்தார். ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தார். "நான் வந்து எவ்வளவோ வருஷமாச்சு, இந்த மாதிரி ஒண்ணு வந்ததில்ல," என்று பீரோவைத் திறந்து, தடித்த பழைய புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். தூசு தட்டியதில் மூன்று பேரும் மாறி மாறித் தும்மினார்கள்.

"தேதி சொல்லுங்க. பெண் குழந்தைதானே?"

"பாத்தாத் தெரியலியா?" என்றாள் பஸ் அக்கா.

பதிவாளர் அம்மா சிரித்துக்கொண்டே விரலை ஓட்டினார். விரல் நின்றது. சிரிப்பும் நின்றது.

"அன்னைக்கு ஒரே ஒரு பதிவுதான் இருக்கு. ஆனா அது ஆண் குழந்தை."

"வேற யாராவதா இருக்கும்மா."

"இடம், ரயில்வே கேட்டில் நின்ற பேருந்து. தகவல் கொடுத்தவர், பேருந்து நடத்துனர். அப்பா பேரு, அம்மா பேரு இதுவா பாருங்க."

பார்த்தாள். அவள் அப்பா பேர்தான். அவள் அம்மா பேர்தான். பக்கத்தில் பளிச்சென்று 'ஆண்'. பஸ் அக்கா அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். இவளோடு இன்னொருத்தன் பிறந்தானா? பிறந்து, அந்த மழையிலேயே போய்விட்டானா? அம்மா சில நாள் காரணமே இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அது இதற்காகத்தானா?

"அண்ணா, எனக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருந்தானா?"

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வா, ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்."

"அண்ணா!"

"அதெல்லாம் யாரும் இல்லடா. வெளியில வா, சொல்றேன்."

தகரக் கூரையின் ஓரத்தில் ஆளுக்கொரு டீயோடு நின்றார்கள். மழை தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் கிட்டத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் அண்ணன் பேசுவது கேட்டது. இத்தனை பெரிய ஆள், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கால் விரலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பஸ் இங்கதான் நின்னுச்சு. ரயிலு லேட்டு. பொம்பளைங்க போர்வையைப் பிடிச்சிட்டு நின்னாங்க. ஆம்பளைங்களை எல்லாம் எறக்கி விட்டுட்டாங்க. நான் மட்டும்தான் உள்ள போயிட்டு வெளிய வந்துக்கிட்டு இருந்தேன். உன் அழுகைச் சத்தம் கேட்டுச்சு. நான் எட்டிக்கூடப் பாக்கலடா. கேட்ட உடனே கீழ குதிச்சு 'தம்பி பொறந்துட்டான், தம்பி பொறந்துட்டான்'னு கத்திக்கிட்டே ரோட்டுல ஓடினேன்."

"ஏன்?"

"எனக்குத் தம்பி வேணும்னு இருந்துச்சு. தெருவுல எல்லாப் பசங்களுக்கும் தம்பி இருந்தான். நான் ரெண்டு பழைய சைக்கிள் டயரு எடுத்து வெச்சிருந்தேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்கு. ரெண்டு பேரும் சேந்து ஓட்டலாம்னு. கண்டக்டர் ரொம்பச் சட்டம் பாக்குற ஆளு. என்கிட்ட அம்மா பேரு என்ன, அப்பா பேரு என்னன்னு கேட்டுட்டு நேரா இந்த ஆபீஸுக்குள்ள போயி எழுதிட்டு வந்துட்டாரு. அப்புறம்தான் உன்னைக் கையில குடுத்து, தங்கச்சியைப் பாருன்னாங்க."

"போய்ச் சொல்லியிருக்கலாம்ல?"

"பக்கத்துல ஒரு ஆளு சொல்லிட்டிருந்தாரு, ஆபீஸ்ல பொய் சொன்னாப் போலீஸ் பிடிக்கும்னு. நான் வாயைத் திறக்கல. கண்டக்டர் எழுதினது அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. அவங்க மயக்கத்துல இருந்தாங்க. வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்டாரு, பஸ் எங்கயாவது நின்னுச்சாடான்னு. நிக்கவே இல்லைன்னுட்டேன். நின்னா ஆபீஸ் வரும், ஆபீஸ் வந்தாப் போலீஸ் வரும். சொல்லிச் சொல்லி, கடைசியில எனக்கே நிக்காத மாதிரிதான் ஞாபகம் இருக்கு."

பஸ் அக்காவுக்கு முதலில் வந்தது கோபம். மகள் அங்கே தன்னந்தனியாகப் படுத்திருக்கிறாள், இந்த மனுஷன் ஆறு வயதில் சொன்ன பொய்யை இன்றைக்கு வரைக்கும் பொத்திப் பொத்திக் காப்பாற்றியிருக்கிறார்! ஆனால் கேட்க நினைத்ததை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேட்டாள்.

"நான் தங்கச்சின்னு தெரிஞ்சதும் வருத்தமா இருந்துச்சா?"

"பொய் சொல்லக் கூடாதுல்ல. ரொம்ப அழுதேன். அன்னிக்குப் பூரா உன் பக்கமே வரல. மறுநாள் நீ தும்மின. இத்துனூண்டு ஆளு, அவ்வளவு பெரிய தும்மலு. சிரிச்சுட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் தோணல."

"அந்த ரெண்டாவது டயரு?"

"நீதான ஓட்டின? என்னைவிட வேகமா ஓட்டின."

அவளுக்கும் அது ஞாபகம் இருந்தது. டயர் உருட்டினாள், அண்ணன் பிடித்துவிட சைக்கிள் ஓட்டினாள், ஜாக்கி போடக் கற்றாள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்டவர்களிடம் அண்ணன் சண்டைக்குப் போனதும் ஞாபகம் இருந்தது. கண் கலங்கியது. மழைச் சாரல் என்று துடைத்துக்கொண்டாள்.

உள்ளே போனார்கள். பதிவாளர் அம்மா முட்டையைத் தொடாமல் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார், பிறகு யோசித்தார்.

"பிழையைத் திருத்தலாம். ஆனா தகவல் கொடுத்தவங்கதான் தப்பாச் சொல்லிட்டேன்னு எழுதிக் குடுக்கணும். அந்த நடத்துனர் எங்க இருக்காரோ, இருக்காரோ இல்லையோ. அவருக்குச் சொன்னது இவருதான்னா, இவரு எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். வேற எங்கயும் பதியலைன்னு தெரியணும், அதுக்கு டவுன் ஆபீஸ்ல இல்லைன்னு ஒரு பேப்பர் வேணும்."

பஸ் அக்கா பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்தாள். பிறக்கவே இல்லை என்று சொன்ன அதே பேப்பர், இப்போது அவள் பக்கம் பேசியது. கூடவே பள்ளிக்கூடச் சான்றிதழையும் வைத்தாள். மிச்சம் அண்ணன்தான்.

அண்ணன் பேனாவைப் பிடித்தார். "அம்மா, இதுல... கேஸ் கீஸ் எதுவும் வராதே?"

"ஆறு வயசுப் பையனைப் பிடிக்க எந்தப் போலீஸும் வராதுய்யா. எழுதுங்க. தவறான தகவலுக்குக் காரணம் என்ன?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். "எனக்குத் தம்பி வேண்டும் என்று ஆசையாக இருந்தது. பார்க்காமல் சொல்லிவிட்டேன். பிறந்தது என் தங்கை." கீழே கையெழுத்துப் போட்டார். பதிவாளர் அம்மா படித்துவிட்டு ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. 'ஆண்' மேல் சிவப்பு மையில் கோடு கிழித்து, 'பெண்' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். அதன் பிறகுதான் முட்டையை எடுத்துச் சாப்பிட்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அண்ணன் வாய் ஓயவில்லை. எத்தனையோ வருஷத்துப் பேச்சு.

பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. பஸ் அக்கா போய் இறங்கின வாரமே மகளுக்கு வலி எடுத்துவிட்டது. மகள் இவள் கையைப் பிடித்த பிடியில் விரல் மரத்துப்போனது. விடிந்து வெயில் ஏறின நேரத்தில் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். நர்ஸ் கழுவித் துடைத்துக் கொடுத்ததும் பஸ் அக்கா பச்சைக் கொடியை விரித்துச் சுற்றினாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சொல்லுடா! என்ன ஆச்சு?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கண்ணா."

"என்ன குழந்தை? இரு இரு, சொல்லாத. நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"துணியை விலக்கி இன்னொரு தடவை பாரு. நான் இருக்கேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடியை விலக்கிப் பார்த்தாள். "பாத்துட்டேன். பொண்ணு."

அந்தப் பக்கம் போன் எதன் மேலோ விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம், ஓடுகிற சத்தம். கம்ப்ரசரையும் லாரி ஹாரனையும் மீறி, தெருக்கோடி வரைக்கும் அண்ணன் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. "பொண்ணு பொறந்திருக்கா! எங்க வீட்டுல பொண்ணு பொறந்திருக்கா!"

பஸ் அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் திரும்பி வருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே நின்றாள்.